அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனையில் செவிலியப் பணி: நுழைவதும் உயர்வதும்

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்கும் நம்மவர்கள் ஒருமுறையாவது அமெரிக்கப் படைவீரர் நலத்துறையைக் குறிக்கும் ‘வி.ஏ.’ என்ற இரண்டெழுத்தைக் கேட்டிருப்பார்கள். அரசு வேலை, ஓய்வூதியம் உண்டு, விடுப்பு தாராளம் என்பதே அதைப் பற்றி உலவும் பேச்சு. பேச்சு பெருமளவு உண்மைதான். ஆனால் அந்த வேலைக்குள் நுழைவது எப்படி, நுழைந்தபின் ஒரே படியில் நின்றுவிடாமல் மேலேறுவது எப்படி என்ற விவரம் தெரியாமல், தனியார் மருத்துவமனைக்கு விண்ணப்பிப்பது போலவே விண்ணப்பித்துவிட்டு, தகுதிக்குக் குறைந்த படியில் அமர்ந்து பல ஆண்டுகளை இழப்பவர்கள் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவம் என்றவுடன் இந்தியாவில் 2003 முதல் நடந்துவரும் இ.சி.எச்.எஸ். திட்டத்தின் பாலிகிளினிக்குகளே நமக்கு நினைவுக்கு வரும். அங்கே நோயாளியைப் பார்த்துவிட்டு, பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் படைத்துறை மருத்துவமனைக்கோ ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். அமெரிக்கப் படைவீரர் நலத்துறையும் நோயாளிகளில் ஒரு பகுதியினரை வெளியே அனுப்புகிறது என்றாலும், அது தானே நடத்தும் பெரிய மருத்துவமனைகள் மட்டும் ஏறத்தாழ 170. புறநோயாளர் நிலையங்கள் ஆயிரத்துக்கும் மேல். பதிவு செய்துகொண்ட முன்னாள் படைவீரர்கள் 90 லட்சத்துக்கும் அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவு, மனநல வார்டு, தண்டுவடக் காயப் பிரிவு, முதியோர் பராமரிப்பு இல்லம், வீட்டுக்கே சென்று பார்க்கும் குழு என்று செவிலியத்தின் எல்லாக் கிளைகளும் ஒரே துறைக்குள் இருப்பதால், வேலையை விடாமலேயே வேலையை மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் முதல் வசதி.

இந்தத் துறையின் ஆள்சேர்ப்பு முறை ஏன் மற்ற அரசு வேலைகளைப் போல் இல்லாமல் விநோதமாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் திரும்பி வந்தபோது, பொதுவான அரசுப் பணி விதிகளின்படி மருத்துவர்களையும் செவிலியர்களையும் எடுக்கத் தொடங்கினால் அவர்கள் வந்து சேர்வதற்குள் நோயாளிகள் தெருவில் நிற்பார்கள் என்ற நிலை இருந்தது. அப்போது படைவீரர் நல நிர்வாகத்துக்குத் தலைமை ஏற்றிருந்த ஜெனரல் ஓமர் பிராட்லியின் காலத்தில், 1946 ஜனவரியில் வந்த ஒரு சட்டம் மருத்துவர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனியான பணியமைப்பை உருவாக்கியது. இன்றும் வி.ஏ. செவிலியர் அந்தத் தனி அமைப்பின் கீழேயே நியமிக்கப்படுகிறார். மற்ற அரசு ஊழியர்களுக்கு உள்ள பொதுச் சம்பள அட்டவணை அவருக்குப் பொருந்தாது. அவருடைய தகுதியை எடைபோடுவதும் சக செவிலியர்களைக் கொண்ட ஒரு வாரியமே. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கிவிடும்.

தகுதி

முதலில் கசப்பான செய்தி. வி.ஏ. பணிக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். தகுதியுள்ள குடிமக்கள் கிடைக்காத நிலையில் மட்டுமே குடிமகன் அல்லாதவரை நியமிக்கலாம் என்ற விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடுவது, வராத மழையை நம்பி விதைப்பது போன்றது. தமிழ்நாட்டிலிருந்து செல்லும் செவிலியரின் வழக்கமான பாதை வேறு: என்க்ளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வில் தேறுவது, சான்றிதழ் மதிப்பீட்டையும் ஆங்கிலத் தேர்வையும் முடிப்பது, வேலை தரும் தனியார் மருத்துவமனை வழியாகக் கிரீன் கார்டு பெறுவது, அதன்பின் பொதுவாக ஐந்து ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது. அந்த ஐந்து ஆண்டுகளை வெறும் காத்திருப்பாகக் கழிக்காமல், பின்னால் சொல்லப்போகும் வாரியத்தின் முன் வைக்கத்தக்க அனுபவமாக மாற்றிக்கொள்வதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

உரிமம் ஏதேனும் ஒரு மாநிலத்துடையதாக இருந்தால் போதும். நடுவண் அரசின் மருத்துவமனை என்பதால், டெக்சாஸ் உரிமத்துடன் கலிஃபோர்னியா வி.ஏ.யில் பணியாற்றலாம், ஊர் மாறும்போது புதிய மாநிலத்தின் உரிமத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமத்தில் எந்தக் கட்டுப்பாடும் இருக்கக் கூடாது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மாநிலத்தில் வசித்தாலும் நடுவண் அரசு வேலையில் அந்தச் சலுகை செல்லாது என்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண் செவிலியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 18 முதல் 25 வயதுக்குள் அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் இருந்தவர்கள் படைச் சேவைப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். 26 வயதுக்குப் பிறகே நாட்டுக்குள் வந்தவர்களுக்கு இது பொருந்தாது என்றாலும், வந்த தேதியைக் காட்டும் ஆவணத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

இந்தியப் படிப்பைப் பொறுத்தவரை, மூன்றாண்டு ஜி.என்.எம். டிப்ளமோவும் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டமும் இங்கே ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. பட்டம் பெற்றவர் ஒரு படி மேலே தொடங்குகிறார். பல்கலைக்கழகத்திடமிருந்தும் தமிழ்நாடு செவிலியர் மன்றத்திடமிருந்தும் மதிப்பெண் விவரங்களையும் பதிவுச் சான்றையும் பெறக் காலம் பிடிக்கும். ஊருக்கு விடுமுறையில் போகும்போதே கூடுதல் பிரதிகளை முத்திரையுடன் வாங்கி வந்துவிடுவது பின்னாளில் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

விண்ணப்பம்

காலியிடங்கள் யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் என்ற நடுவண் அரசுத் தளத்தில் வெளியாகின்றன. அறிவிப்பை முழுதாகப் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் எதைத் தேட வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். மூன்றைத் தேடுங்கள்: அந்த இடத்துக்குக் கல்விக் கடன் குறைப்புத் திட்டம் உண்டா, ஷிஃப்ட் நேரம் எது, சுயவிவரம் எத்தனை பக்கத்துக்குள் இருக்க வேண்டும். கடன் குறைப்புத் திட்டம் எல்லாப் பணியிடங்களுக்கும் தானாகக் கிடைப்பதில்லை. அறிவிப்பில் அது குறிப்பிடப்பட்ட இடத்தில் சேர்ந்து, உரிய காலத்துக்குள் தனியாக விண்ணப்பித்தால் ஐந்து ஆண்டுகளில் இரண்டு லட்சம் டாலர் வரை திரும்பக் கிடைக்க வழியுண்டு. இவ்வளவு பெரிய தொகை ஒரே ஒரு வரியில் ஒளிந்திருப்பதை ஆட்சேபித்துப் பயனில்லை, கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சுயவிவரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் ஆண்டும், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். மணிநேரம் எழுதாவிட்டால் அந்த அனுபவம் முழுநேரமா பகுதிநேரமா என்று கணக்கிட முடியாமல் போகலாம். இத்துடன் செவிலியர்களுக்கென்றே உள்ள 10-2850ஏ என்ற படிவமும் கேட்கப்படும். இடைவெளிகளை மறைக்காதீர்கள், பிரசவத்துக்காக எட்டு மாதம் வீட்டில் இருந்தது குற்றமல்ல, ஆனால் விளக்கப்படாத எட்டு மாதம் கோப்பை நிறுத்திவைக்கும்.

நேர்காணலில் ‘ஒருமுறை நடந்ததைச் சொல்லுங்கள்’ என்ற வகைக் கேள்விகளே பெரும்பாலும் வரும். அதன்பின் தற்காலிகமான பணி வாக்குறுதி ஒன்று வரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தற்காலிக வாக்குறுதி என்பது வேலை கிடைத்துவிட்டது என்பதல்ல. சான்றிதழ் சரிபார்ப்பு, கைரேகை, பின்னணி விசாரணை, உடல்தகுதிப் பரிசோதனை, வாரியத்தின் முடிவு ஆகிய எல்லாம் இன்னும் பாக்கி. வாரங்கள் மாதங்களாகலாம். இறுதி நியமனக் கடிதமும் சேரும் தேதியும் கையில் வரும்வரை இருக்கும் வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கக் கூடாது.

வாரியம் உங்களைப் பார்ப்பதில்லை

தனியார் மருத்துவமனையில் சம்பளத்தைப் பேசித் தீர்க்கலாம். வி.ஏ.யில் செவிலியர் தர வாரியம் உங்கள் கோப்பைப் படித்து, நீங்கள் எந்தக் கிரேடு (பணித்தரம்), அதில் எத்தனையாவது ஸ்டெப் (சம்பளப் படி) என்று பரிந்துரைக்கிறது. முதல் கிரேடு மட்டும் மூன்று உள்நிலைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கிரேடுக்குள்ளும் பன்னிரண்டு ஸ்டெப்கள் உண்டு. வார்டில் நோயாளி பக்கத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று கிரேடுகளுக்குள் அடங்குவர். மூன்றாவதற்கு நெடுங்காலமாகவே முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கப்பட்டு வந்திருக்கிறது. தகுதி விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள பதிப்பை ஆள்சேர்ப்பு அலுவலரிடம் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும். ஒரே கிரேடுக்கு ஊருக்கு ஊர் சம்பளம் மாறும், ஏனென்றால் அந்தந்த வட்டாரத்துச் செவிலியர் சந்தை நிலவரத்தைக் கொண்டே அட்டவணை போடப்படுகிறது.

வாரியத்தில் இருப்பவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. எழுத்து ஒன்றே அவர்கள் முன் இருக்கும். நம் பழக்கமோ, செய்த வேலையைச் சொல்லிக்கொள்வதைத் தற்பெருமை என்று நினைக்கும் பழக்கம். ‘பதினைந்து ஆண்டுகள் அறுவைசிகிச்சைப் பிரிவில் அர்ப்பணிப்புடன் பணியாற்றினேன், குழுவுடன் இணைந்து செயல்பட்டேன்’ என்று எழுதினால், படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. மாறாக, “சிறுநீர் வடிகுழாய் தேவைக்கு மேல் நாள்கணக்கில் நீடிப்பதைக் கவனித்தேன். தினமும் காலைச் சுற்றில் ‘இன்றும் இது வேண்டுமா’ என்று கேட்கும் பட்டியல் ஒன்றைத் தயாரித்தேன். இரண்டு ஷிஃப்ட்டுக்கும் பயிற்சி கொடுத்தேன். ஆறு மாதத்தில் வடிகுழாய் நாள்கள் இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்தன. இப்போது பக்கத்து வார்டும் அதே பட்டியலைப் பயன்படுத்துகிறது” என்று எழுதினால், கவனித்தது, செய்தது, விளைந்தது, பரவியது என நான்கும் தெரிகின்றன. கிரேடு உயர உயர இந்த நான்காவது அம்சத்தையே அதிகம் எதிர்பார்ப்பார்கள். உங்கள் நோயாளிக்கு நீங்கள் செய்தது முதல் கிரேடின் வேலை. வார்டுக்கே பயன்பட்டது இரண்டாவது. வார்டைத் தாண்டி மருத்துவமனையில் ஒரு நடைமுறையை மாற்றியது மூன்றாவது என்று தோராயமாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

சேர்ந்தபின் ஆண்டுதோறும் எழுதப்படும் திறன் அறிக்கைக்கும் இதே இலக்கணம்தான். நோயாளிப் பராமரிப்பு, தொழில் வளர்ச்சி, பிறரோடு சேர்ந்து இயங்குதல், ஆராய்ந்து மேம்படுத்துதல் போன்ற தலைப்புகளில் உங்கள் ஆண்டு அளக்கப்படுகிறது. அறிக்கையை மேலாளர் எழுதுவார் என்றாலும், அவருக்கு ஐம்பது பேர் இருப்பார்கள்; நீங்கள் மார்ச் மாதம் செய்ததை அவர் டிசம்பரில் நினைவில் வைத்திருக்க மாட்டார். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கி, செய்ததைத் தேதியுடனும் எண்ணிக்கையுடனும் குறித்துவைத்து, அறிக்கைக் காலம் வருமுன் அவரிடம் கொடுத்துவிடுங்கள். நோயாளியின் பெயர், அடையாளம் எதுவும் அந்தக் குறிப்பில் இருக்கக் கூடாது.

சம்பளமும் நேரமும்

கிரேடு, ஸ்டெப் சம்பளத்துக்கு மேல், மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரையான பணிக்கு 10 விழுக்காடும், சனி ஞாயிறுகளுக்கு 25 விழுக்காடும் கூடுதலாக உண்டு. முழுநேரச் செவிலியருக்கு முதல் ஆண்டிலிருந்தே 26 நாள் ஆண்டு விடுப்பும் 13 நாள் நோய் விடுப்பும் சேரும். மற்ற நடுவண் அரசு ஊழியர்கள் இந்த 26 நாளை எட்டப் பதினைந்து ஆண்டுகள் உழைக்க வேண்டும். மூன்று பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் செய்து வாரம் நாற்பது மணிநேரச் சம்பளம் பெறும் ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் எல்லா மருத்துவமனைகளும் அதைத் தருவதில்லை, நேர்காணலிலேயே கேட்டுவிடலாம். ஓய்வூதியத்தோடு சேமிப்புத் திட்டமும் உண்டு. சம்பளத்தில் 5 விழுக்காட்டை அதில் போட்டால் அரசும் 5 விழுக்காடு போடும். முதல் மாதமே அதைத் தொடங்காதவர்கள் கிடைக்கும் பணத்தை வேண்டாம் என்கிறார்கள்.

நோயாளி யார்

சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகள் தகுதிகாண் பருவம். படிப்பு முடித்து நேராக வருபவர்களுக்குப் பன்னிரண்டு மாதப் பயிற்சித் திட்டங்கள் நடக்கின்றன. அனுபவமுள்ளவர்களுக்கோ, கைவேலை தெரியும் என்ற நினைப்பே இந்தக் காலத்தில் பெரிய இடையூறு. நோயாளியைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

ஒருவர் எந்தக் காலத்தில், எங்கே, என்ன வேலையில் பணியாற்றினார் என்று கேட்பது அங்கே வெறும் குசலம் விசாரிப்பு அல்ல, நோய்க்கான துப்பு. வியட்நாமில் இருந்தவர் என்றால் ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ என்ற களைக்கொல்லியும், அதனுடன் இணைத்துப் பார்க்கப்படும் நீரிழிவு, பார்க்கின்சன், இதய நோய், புரோஸ்டேட் புற்றுநோய் ஆகியவையும் மனத்தில் வர வேண்டும். 1953க்கும் 1987க்கும் இடையில் வட கரோலினாவின் லெஜூன் முகாமில் வாழ்ந்தவர் என்றால் மாசுபட்ட குடிநீர். ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ இருந்தவர் என்றால் குப்பை எரித்த குழிகளின் புகையும், வெடிப்பின் அதிர்வில் மூளைக்கு ஏற்பட்ட காயமும். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பேக்ட் சட்டம் இத்தகைய நச்சுத் தாக்கங்களுக்கான உரிமைகளை விரிவாக்கியது. (முதன்மைப் பராமரிப்புக் குழுவுக்கும் அதே ‘பேக்ட்’ என்ற சுருக்கப் பெயர்தான், முதல் வாரத்தில் குழம்பாதவர் இல்லை.)

நீங்கள் எழுதும் குறிப்பு அந்த வீரரின் இழப்பீட்டு மனுவில் சான்றாகப் படிக்கப்படலாம். எனவே ‘முழங்கால் வலி, மாத்திரை கொடுக்கப்பட்டது’ என்று நிறுத்தாமல், எப்போதிருந்து, எதனால் என்று அவர் சொன்னாரோ அதை அவர் சொன்னபடியே பதியுங்கள். ஆனால் இழப்பீடு கிடைக்கும், கிடைக்காது என்று வாக்குக் கொடுக்கும் வேலை செவிலியருடையதல்ல. அதற்கென உள்ள நல உதவி அலுவலரிடம் அனுப்பிவையுங்கள்.

போர் அதிர்ச்சி உள்ளவர் தூங்கும்போது தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி அழையுங்கள். நம் ஊர் வார்டுகளில் ‘ஐயா’ என்று கையைப் பிடிப்பது அன்பு. இங்கே அது விழித்தெழுபவரின் முஷ்டியைச் சந்திக்கலாம். வந்திருக்கும் தம்பதியரில் கணவர்தான் படைவீரர் என்று எண்ணிக்கொள்வதும் கூடாது. படையில் பணியாற்றிய பெண்களுக்கு இந்த ஒரு தவறு எத்தனை முறை நேர்ந்திருக்கும் என்று யோசித்தால் போதும். பணிக்காலத்தில் நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றி ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோரிடமும் கேட்பது அங்கே நடைமுறை. தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும், வீட்டில் துப்பாக்கி எங்கே, எப்படிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் படித்தவருக்குத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பது முதலில் நாக்கில் தடுக்கும். சக ஊழியருடன் சில முறை வாய்விட்டுப் பழகினால் சரியாகிவிடும். 988 எண்ணை அழைத்து 1ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான அவசர உதவி கிடைக்கும் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே போவது

இன்று உலகெங்கும் மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையை பார்கோடு கருவியால் வருடிப் பார்க்கிறார்களே, அதை 1990களில் முன்னோட்டமாகச் செய்து காட்டியது கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா வி.ஏ. மருத்துவமனை. வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் கையடக்கக் கருவியால் காரைப் பதிவு செய்ததைப் பார்த்த சூ கின்னிக் என்ற செவிலியருக்கு, காருக்குச் செய்வதை மருந்துக்குச் செய்யக் கூடாதா என்று தோன்றியதே தொடக்கம். நோயாளியைத் தூக்கித் தூக்கி முதுகு உடையும் செவிலியர்களுக்காகத் தூக்குக் கருவிகளையும் பாதுகாப்பான முறைகளையும் ஆராய்ந்த ஆட்ரி நெல்சன், டாம்பா வி.ஏ.யின் செவிலியர். இரண்டும் வார்டில் பிறந்து நாடெங்கும் பரவியவை. உங்கள் யோசனை அவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதில்லை. ஆனால் தர மேம்பாட்டுக் குழு, தொற்றுத் தடுப்புக் குழு போன்ற ஏதேனும் ஒன்றில் முதல் ஆண்டு முடியுமுன் உட்கார்ந்துவிட வேண்டும். வாரியம் கேட்கும் நான்காவது அம்சம் அங்கிருந்துதான் கிடைக்கும்.

படிப்பைத் தொடரத் துறையே உதவித்தொகை தருகிறது. டிப்ளமோவிலிருந்து பட்டத்துக்கும், பட்டத்திலிருந்து முதுநிலைக்கும் கட்டணத்தை ஏற்கும் திட்டங்கள் உண்டு. முழுநேரம் படிக்கும்போது சம்பளத்தையும் ஈடுசெய்யும் திட்டம் ஒன்றும் உண்டு. இவற்றுக்குப் பதிலாகக் குறிப்பிட்ட காலம் பணியாற்ற ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும், பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பித் தர நேரும். குடும்பத்தோடு வேறு ஊர் போகும் எண்ணம் இருந்தால், கையெழுத்திடுமுன் இடமாற்றம் பெற்றாலும் ஒப்பந்தம் தொடருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நோயைக் கண்டறிந்து மருந்தெழுதும் உயர்நிலைச் செவிலியரான நர்ஸ் பிராக்டிஷனர் ஆக விரும்புவோருக்கு வி.ஏ. ஒரு தனிக் கவர்ச்சி: 2016 டிசம்பரில் வெளியிட்ட விதியின்படி, மாநிலச் சட்டம் மருத்துவர் மேற்பார்வையைக் கட்டாயமாக்கினாலும், வி.ஏ.க்குள் அவர்கள் முழு அதிகாரத்துடன் பணியாற்ற அனுமதிக்கப்படலாம். மயக்க மருந்துச் செவிலியர்களை அந்த விதியில் சேர்க்கவில்லை.

குறையே இல்லாத இடம் என்று சொல்ல மாட்டேன். 2014இல் ஃபீனிக்ஸ் வி.ஏ.யில் காத்திருப்புப் பட்டியல்களை மறைத்தது அம்பலமாகித் துறையே ஆட்டம் கண்டது. 2025இல் ஆள்சேர்ப்புக் கட்டுப்பாடுகளும், பெரும்பாலான தொழிற்சங்க ஒப்பந்தங்களை முடித்துக்கொள்ளும் அறிவிப்பும் வந்தன. அரசு வேலை அசையாதது என்று இனி யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கணினிப் பதிவு முறையும் சில மருத்துவமனைகளில் மாறியிருக்கிறது, மற்றவற்றில் பழையதே ஓடுகிறது. இதையெல்லாம் தெரிந்தே உள்ளே போக வேண்டும்.

கடைசியாக ஒரு கோப்பு. நியமனம், கிரேடு உயர்வு, சம்பள மாற்றம் ஒவ்வொன்றுக்கும் எஸ்.எஃப்.-50 என்ற தாள் ஒன்று வரும். அதையும் ஆண்டுத் திறன் அறிக்கைகளையும் பயிற்சிச் சான்றுகளையும் உங்கள் சொந்தப் பிரதியாக வீட்டில் வைத்திருங்கள். ஓய்வூதிய உரிமை உறுதியாக ஐந்து ஆண்டுச் சேவை வேண்டும். நான்கரை ஆண்டில் விலக நினைப்பவர் முதலில் இந்தக் கோப்பைத் திறந்து, சேவை தொடங்கிய தேதியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.